நாலு விரல் இடப்பக்கம்

பெட்டியைப் பிரிக்கும்போது எண்ணெய் வாசனை நன்றாகத்தான் இருந்தது.
உள்ளே ஆறு மாதக் காரண்டி அட்டை.
அதில் எனக்குப் புரிந்தது என் பேர் ஒன்றுதான்:
பூங்காவனம், பலூன் கடை,
சில்வர் பீச், தேவனாம்பட்டினம், கடலூர்.

முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது.
ஆயுதப்படை ஏட்டு ஒருத்தர்
மூச்சை அடக்கிப் பத்துச் சுட்டார்.
பத்தும் பலகையில்.
பலூன்கள் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தன,
பந்திக்குக் காத்திருக்கும் சம்பந்தி வீட்டார் மாதிரி.

ராத்திரி கூட்டம் கலைந்த பிறகு
மணல் மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்தி
சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து
இருபது குண்டு நானே சுட்டேன்.
இருபதும் நாலு விரல் இடப்பக்கம்,
ஒன்றின் காதில் ஒன்று
கோள் சொல்கிற நெருக்கத்தில்.
கையில் கோளாறு என்றால் சிதறியிருக்கும்.
இது குழலில் கோளாறு.

சென்னை ஏஜெண்டுக்குப் போன் போட்டேன்.
ஹரிகோவிந்தன் என்று பேர் சொன்னார்.
"உப்புக் காத்தும்மா. துரு காரண்டியில வராது."
வாங்கிப் பன்னிரண்டு நாள்தான் சார்.
"கடலோரத்துல பன்னிரண்டு நாள்னா சும்மாவா?
கம்பெனிக்கு எழுதுங்க."

கம்பெனி வடக்கே எங்கேயோ.
மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடைப் பையன்
இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தான்.
கடிதத்தோடு பலகையையே கழற்றி அனுப்பினேன்.
இருபது ஓட்டை, ஒரு சாக்பீஸ் புள்ளி,
கூரியருக்கு முந்நூற்று எண்பது.
புள்ளி வழியிலேயே அழிந்திருக்கும் என்பது
மறுநாள்தான் உறைத்தது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது:
மேற்படி பலகை எங்கள் தயாரிப்பு அல்ல.

மறுபடி போன்.
இந்த முறை அவர் குரலில் சிரிப்பு.
"ஏம்மா, பலூன் கடைக்கு எதுக்கு நேர்த் துப்பாக்கி?
பாண்டிக்காரன் கோணலா வேணும்னு
கேட்டு வாங்கிட்டுப் போறான்.
சுடுறவன் தோத்தாத்தானே உங்களுக்குச் சோறு?"

பலூன் ஒண்ணே கால் ரூபாய் சார்.
குண்டு ஒன்றுக்கு மூணு ரூபாய் வாங்குகிறேன்.
வெடித்தாலும் எனக்குச் சோறு உண்டு.
வெடிக்கிற சத்தத்துக்குத்தான் அடுத்த ஆள் வருவான்.
ஊமைக் கடையில் யார் நிற்பான்?
சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.
மிச்சத்தை
வெறும் செல்லிடம் சொல்லிவிட்டு வைத்தேன்.

அன்றிலிருந்து காசு வாங்கும்போதே சொல்லிவிடுவேன்:
வலப்பக்கம் நாலு விரல் தள்ளிக் குறி வையுங்க.
நம்பினவர்கள் கொஞ்சம் பேர்.
மற்றவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு
நேராகவே சுட்டார்கள்.
பலூன்காரி நல்லதுக்கா சொல்லுவாள்?

வைகாசி முகூர்த்தம்.
திருவந்திபுரத்தில் யார் வீட்டுக் கல்யாணமோ,
சாயங்காலம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஒருத்தர்,
கூட ஒரு சின்னப் பெண்.
"பூங்காவனம்ங்கிறது..." என்று இழுத்ததும்
குரல் பிடிபட்டது.
உட்காருங்க என்று சொல்ல நாற்காலி இல்லை.
குழலை மடக்கிக் குண்டு போட்டு நீட்டினேன்.
வலப்பக்கம் என்று அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

பத்துக்குப் பத்து பலகை.
"காத்து," என்றார்.
காற்று நின்று அரை மணி ஆகியிருந்தது.
முப்பது ரூபாய், என்றேன்.
கொடுத்தார்.

பெண் தனக்கும் வேண்டும் என்றாள்.
முக்காலிமேல் ஏற்றி நிறுத்திக் காதில் சொன்னேன்.
மூன்றாவதில் ஒரு மஞ்சள்.
நாலாவதில் சிவப்பு.
அப்புறம் அடுத்தடுத்து இரண்டு பச்சை.
பாப்கார்ன் வண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"எப்படிடீ?"

"இது இடப்பக்கமா இழுக்குதுப்பா,"
அடுத்த குண்டுக்குக் கையை நீட்டியபடியே சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.
பிறகு செல்லில் டார்ச் போட்டு
குழலடியில் வெட்டியிருந்த நம்பரை
ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.
நடுவில் ஒன்று மழுங்கியிருந்தது.
"மூணா, எட்டா?"

எட்டு, என்றேன்.